ஆசிரியர் சம்பளம் எந்தத் தலைப்பின் கீழ்? நிதியமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிதியமைச்சர்களுக்கும், வரவு செலவுத் திட்டம் வகுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நீங்கள் எந்த நாட்டின் கருவூலத்துக்குப் பொறுப்பேற்றிருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். வாழ்நாளின் பெரும்பகுதியை வகுப்பறையில் கழித்தவன் நான். வரவு செலவுத் திட்டம் தாக்கலாகும்போதெல்லாம் கல்விக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்த கையோடு, அது எந்தத் தலைப்பின் கீழ் எழுதப்பட்டிருக்கிறது என்றும் பார்ப்பேன். ஆண்டுகள் மாறுகின்றன, ஆட்சிகள் மாறுகின்றன. தலைப்பு மட்டும் மாறுவதில்லை. பாலம் கட்டினால் மூலதனச் செலவு, அதாவது நீண்ட காலம் நிற்கும் சொத்துக்கான செலவு. பள்ளிக் கட்டடம் எழுப்பினாலும் மூலதனச் செலவு. அந்தக் கட்டடத்துக்குள் நின்று ஒரு குழந்தைக்கு வாசிக்கச் சொல்லித்தருபவரின் சம்பளம் மட்டும் நடைமுறைச் செலவு, அந்தந்த ஆண்டோடு தீர்ந்துபோகும் செலவு. மின்கட்டணத்தோடும் எழுதுபொருள் செலவோடும் ஒரே வரிசையில் அது உட்கார்ந்திருக்கிறது.

இது வெறும் கணக்கெழுதும் முறை என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்த முறைதான் பிறகு முடிவுகளையும் எடுக்கிறது. பற்றாக்குறை கூடிவிட்டது, செலவைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போது எல்லோருடைய கண்ணும் முதலில் நடைமுறைச் செலவின் மேல்தான் விழும். காலிப் பணியிடங்களை நிரப்புவது தள்ளிப்போகும். நிரந்தர ஆசிரியர் இருந்த இடத்தில் குறைந்த கூலிக்கு ஒப்பந்த ஆசிரியர் வருவார். பயிற்சி நாட்கள் குறையும், பாடப்புத்தகம் பருவம் பாதி கழிந்த பிறகு வந்துசேரும். பாலத்தை நடுவில் நிறுத்தினால் ஆற்றுக்கு நடுவே தூண்கள் நின்று ஊரே பார்க்கும். இரண்டாம் வகுப்பை நடுவில் கைவிட்டால் எவர் கண்ணுக்கும் எதுவும் தெரிவதில்லை. குழந்தை மூன்றாம் வகுப்புக்குப் போய்விடும். வாசிக்கத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

நாடுகளின் கணக்கு எழுதுவதற்கென்று ஐக்கிய நாடுகள் அவை முதலான அமைப்புகள் சேர்ந்து வகுத்த நெறிமுறை ஒன்று இருப்பதை நீங்கள் அறிவீர்கள். 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் ஆகும் செலவு முதலீடாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அது நல்ல முடிவு. அதே திருத்தத்தில் போர்க்கப்பல், பீரங்கி போன்ற தளவாடங்களும் நிலைச் சொத்துகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டன. கல்விச் செலவு மட்டும் நுகர்வாகவே விடப்பட்டது. பத்தாண்டுகளில் துருப்பிடிக்கும் பீரங்கி நாட்டின் சொத்து. ஐம்பது ஆண்டுகள் உழைத்துப் பொருள் ஈட்டப்போகும் ஒருவரின் வாசிப்புத் திறன், அந்த ஆண்டே தின்று தீர்த்த பண்டம். மனிதரை யாரும் உடைமையாக வைத்துக்கொள்ள முடியாது என்பதால் அவருடைய திறனைச் சொத்துக் கணக்கில் சேர்ப்பதில் சிக்கல் இருக்கிறது என்று கணக்கியலார் விளக்குவார்கள். அந்த விளக்கம் அவர்களுடைய ஏட்டுக்குப் போதும். நாட்டை நடத்தும் உங்களுக்குப் போதாது.

பொருளியலாளர்களுக்கே இந்த உண்மை எளிதில் பிடிபட்டுவிடவில்லை. 1957இல் அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் சோலோ ஒரு கட்டுரை எழுதினார். 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்பிலிருந்து கிடைத்த உற்பத்தி ஏறக்குறைய இரண்டு மடங்கானது. இயந்திரமும் கட்டடமும் பெருகியதால் வந்தது அதில் எவ்வளவு என்று அவர் கணக்கிட்டபோது கிடைத்த விடை, எட்டில் ஒரு பங்குதான். மீதி ஏழு பங்கும் எங்கிருந்து வந்தது என்று கணக்கு காட்டவில்லை. தொழில்நுட்ப மாற்றம் என்று அதற்கு ஒரு பெயர் கிடைத்தது. ஆனால் தொழில்நுட்பம் தானாக வந்து தொழிற்சாலையில் அமர்ந்துகொள்வதில்லையே? அதைக் கண்டுபிடிக்கவும் இயக்கவும் பழுதுபார்க்கவும் திருத்தவும் தெரிந்தவர்கள் வேண்டும். 1960இல் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் தலைவராக உரையாற்றிய தியோடர் ஷுல்ட்ஸ் இதைத்தான் எடுத்துச் சொன்னார்: மக்கள் பெறும் கல்வியும் திறனும் மூலதனத்தின் ஒரு வடிவம், அதைக் கணக்கில் சேர்க்காமல் வளர்ச்சியை விளக்க முடியாது. போரில் ஆலைகள் தரைமட்டமான ஜெர்மனியும் ஜப்பானும் எவரும் எதிர்பாராத வேகத்தில் எழுந்து நின்றதை அவர் கவனித்தவர். ஆலைகள் போயிருந்தன, ஆலையைக் கட்டவும் நடத்தவும் தெரிந்த மக்கள் இருந்தார்கள். ஷுல்ட்ஸுக்கு 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. கருத்து வென்றது, விருது வந்தது, உங்கள் ஏட்டின் தலைப்பு மாறவில்லை.

கல்வி எப்படிப் பொருளாதாரத்தை வளர்க்கிறது என்று கேட்டால் பட்டம், வேலை, சம்பளம் என்று ஒரே மூச்சில் விடை வந்துவிடுகிறது. அந்த விடை தவறில்லை; குறை உடையது. ஒரு விவசாயத் தொழிலாளியின் கையில் பூச்சிக்கொல்லிப் புட்டி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு மில்லி லிட்டர் கலக்கவும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. அவருடைய தெளிப்பானில் பதினைந்து லிட்டர் பிடிக்கும். வாசிக்கத் தெரிந்து, பெருக்கவும் தெரிந்தவர் முப்பது மில்லி அளந்து ஊற்றுவார். தெரியாதவர் மூடியால் ஒரு குத்துமதிப்பாக ஊற்றுவார். குறைந்தால் பூச்சி சாகாது. கூடினால் செலவும் கூடும். மண்ணுக்குக் கேடு, அவருடைய நுரையீரலுக்கும் கேடு. அந்தக் குத்துமதிப்பை ஒரு நாடு முழுக்க, ஒவ்வொரு பருவத்துக்கும், உரத்துக்கும் விதைக்கும் கால்நடை மருந்துக்கும் கடன் பத்திரத்துக்கும் விரித்துப் பாருங்கள். எழுத்தறிவின்மை ஒரு பொருளாதாரத்திலிருந்து எவ்வளவை உறிஞ்சுகிறது என்பது புரியும்.

மாற்றம் வரும் நேரத்தில்தான் கல்வியின் மதிப்பு முழுதாக வெளிப்படுகிறது. தாத்தா செய்த வேலையை அவர் செய்த விதத்திலேயே பேரனும் செய்யும் இடத்தில் பள்ளிப் படிப்பு பெரிய வேறுபாட்டைக் காட்டாது. புதிய விதை, புதிய இயந்திரம், புதிய சந்தை வரும்போதுதான் படித்தவர் முந்திக்கொள்கிறார். இந்தியாவின் பசுமைப் புரட்சிக் காலத் தரவுகளை ஆராய்ந்த ஆண்ட்ரூ ஃபாஸ்டரும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் கண்டது இதுதான். உயர்விளைச்சல் விதைகளால் வேளாண்மை வேகமாக மாறிய பகுதிகளில் தொடக்கக் கல்வி பெற்ற விவசாயிகளுக்குக் கூடுதல் பயன் கிடைத்தது. அந்தப் பகுதிகளில் குடும்பங்கள் பிள்ளைகளை அதிகமாகப் பள்ளிக்கு அனுப்பவும் தொடங்கின. படித்தவர் முதலில் முயன்று பார்க்கிறார். பக்கத்து வயல்காரர் வேலியோரம் நின்று கவனிக்கிறார். அடுத்த பருவத்தில் அவரும் மாறுகிறார். ஒருவருடைய படிப்பில் விளைந்த பயன் அவருடைய வரப்போடு நின்றுவிடுவதில்லை. பொதுப் பணத்தை இதில் போடுவதற்கு இதைவிட என்ன நியாயம் வேண்டும்?

இன்னொரு நியாயமும் இருக்கிறது. வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம், நிலத்தை வைத்தும் வாங்கலாம். ஆறு வயதுக் குழந்தையின் எதிர்காலச் சம்பளத்தை எந்த வங்கியும் ஈடாக ஏற்காது. எனவே எவ்வளவு அறிவுள்ள குழந்தையானாலும் பெற்றோர் கையில் காசு இல்லையென்றால் அந்த முதலீடு நடக்காமலே போகிறது. சந்தை தன் போக்கில் செய்யாத, செய்யவும் முடியாத முதலீடு இது. அரசு இறங்காவிட்டால் இழப்பு அந்தக் குடும்பத்துக்கு மட்டும் இல்லை. அவர் கட்டியிருக்கக்கூடிய வரி, தொடங்கியிருக்கக்கூடிய தொழில், வேலை கொடுத்திருக்கக்கூடிய நாலு பேர் எல்லாம் சேர்ந்தே போகின்றன.

பயன் கிடைத்ததற்கு எடுத்துக்காட்டு கேட்பீர்கள். இந்தோனேசியாவைப் பாருங்கள். 1973இல் எண்ணெய் விலை ஏறி அரசுக்குப் பணம் வந்து குவிந்தது. அந்தப் பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு 1978க்குள் 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டினார்கள். பள்ளி குறைவாக இருந்த மாவட்டங்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள், ஆசிரியர்களையும் அமர்த்தினார்கள். எஸ்தர் டுஃப்லோ 2001இல் வெளியிட்ட ஆய்வில் அந்தக் குழந்தைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு அவர்களுடைய கூலியைக் கணக்கிட்டார். ஆயிரம் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி என்ற வீதத்தில் கூடிய இடங்களில் கூலி 1.5 முதல் 2.7 சதவீதம் வரை உயர்ந்திருந்தது. சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒவ்வொருவரின் உழைக்கும் காலம் முழுவதும், ஒவ்வொரு மாதமும் இந்த உயர்வு தொடரும் என்பதை மறந்துவிடாதீர்கள். எண்ணெய்ப் பணம் வந்த நாடுகள் பல. அதை இப்படி விதைத்தவை சில.

கென்யாவின் புசியா மாவட்டத்தில் நடந்தது இன்னும் எளிய செயல். 1998இல் தொடங்கி, பள்ளிக் குழந்தைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுத்தார்கள். எட்வர்ட் மிகெலும் மைக்கேல் கிரெமரும் அதன் விளைவை அளந்தபோது, பள்ளிக்கு வராமை ஏறக்குறைய கால்பங்கு குறைந்திருந்தது. கதை அங்கே முடியவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து அதே குழந்தைகளைத் தேடிப் பிடித்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கூடுதலாக மாத்திரை பெற்றவர்களின் மணிநேர வருமானம் மற்றவர்களைவிட 13 சதவீதம் அதிகமாக இருந்தது. வகுப்பில் சோர்ந்து படுக்காமல் உட்கார்ந்திருக்கும் உடம்பும் கல்விச் செலவின் ஒரு பகுதிதான் என்பதை அந்த மாத்திரை காட்டியது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி பாலர் பள்ளித் திட்டத்தையும் நீங்கள் அறிந்திருக்கலாம். வறிய குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகள். அவர்களில் 58 பேருக்கு மட்டும் மூன்று நான்கு வயதில் நல்ல முன்பருவக் கல்வி கிடைத்தது. நாற்பது வயது வரை அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஜேம்ஸ் ஹெக்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் கணக்கிட்டதில், போட்ட பணத்தின் மேல் சமூகத்துக்குக் கிடைத்த ஆண்டு வருவாய் 7 முதல் 10 சதவீதம். படித்தவர்களின் சம்பளம் அதில் ஒரு பகுதி. குற்றம் குறைந்ததால் மிச்சமான பணம் இன்னொரு பெரிய பகுதி. காவலுக்கும் சிறைக்கும் நீங்கள் எழுதும் காசோலைகளில் சில, பாலர் பள்ளிக்கு எழுதாமல் விட்ட காசோலைகளின் விளைவு.

இந்த மூன்றிலும் பொதுவான ஒன்று உங்களுக்கு உறுத்த வேண்டும். பலன் தெரிய இருபது, முப்பது ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். பள்ளியைக் கட்டிய அமைச்சருக்கு, அதனால் உயர்ந்த கூலியைப் பற்றிய ஆய்வறிக்கையைப் படிக்கும்போது பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அரசியலில் இது கடினமான கேள்வி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓய்வூதியத்தை நாற்பது ஆண்டுகளுக்கு முன்கூட்டியே கணக்கிடுகிறீர்கள். முப்பது ஆண்டுக் கடன் பத்திரங்களை வெளியிடுகிறீர்கள். நீண்ட காலத்தைப் பார்க்கும் கண் உங்களுக்கு இருக்கிறது. அதைப் பள்ளியின் பக்கமும் திருப்புங்கள்.

இனி உங்கள் மறுப்புக்கு வருகிறேன். கல்வியைக் கொட்டிக் கொடுத்தும் வளராத நாடுகள் இல்லையா என்பீர்கள். உண்டு. சோவியத் ஒன்றியத்தில் ஏறக்குறைய எல்லோரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பொறியாளர்களுக்கும் அறிவியலாளர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் 1970களிலிருந்து அதன் பொருளாதாரம் தேங்கத் தொடங்கியது. எகிப்தில் 1960களில் பட்டதாரிகள் அனைவருக்கும் அரசு வேலை உறுதி என்று சட்டம் செய்தார்கள். பல்கலைக்கழகங்கள் நிரம்பின. பிறகு படித்த இளைஞர்கள் தனியார் துறை பக்கம் திரும்பாமல் அரசு நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். நாட்டின் தேர்ந்த மூளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. கல்வி தானே ஆலை கட்டாது, தானே சந்தை திறக்காது. கற்றவருக்கு வேலை இல்லையென்றால் கல்வி மனக்கசப்பாக மாறும், ஆட்சியையும் அசைக்கும். இதை மறைத்துக்கொண்டு உங்களிடம் பணம் கேட்க எனக்கு மனமில்லை.

வேலையும் கல்வியும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வங்கதேசத்தில் ஆயத்த ஆடை ஆலைகள் வந்த பகுதிகளில், அருகிலிருந்த கிராமங்களின் பெண் குழந்தைகள் கூடுதல் ஆண்டுகள் பள்ளியில் நீடித்தார்கள் என்று ரேச்சல் ஹீத், முஷ்ஃபிக் முபாரக் இருவரின் ஆய்வு காட்டியது. கணக்குப் போடத் தெரிந்த பெண்ணுக்கு ஆலையில் மேலான இடம் கிடைப்பதைக் கண்ட பெற்றோர், மகளின் கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள், பள்ளிக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கு ஒதுக்கும்போதே, அதிலிருந்து வெளிவருபவர் எங்கே போவார் என்ற கேள்வியையும் தொழில்துறை அமைச்சரோடு உட்கார்ந்து பேசுங்கள். இரண்டும் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும்வரை இரண்டும் பாதிப் பலனைத்தான் தரும்.

ஆனால் வளராத நாடுகளைச் சுட்டிக்காட்டி ஒதுக்கீட்டைக் குறைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பல இடங்களில் கல்வி பலன் தராமல் போனதற்குக் காரணம், அங்கே கல்வியே நடக்கவில்லை என்பதுதான். பள்ளி நடந்தது, கற்றல் நடக்கவில்லை. எரிக் ஹனுஷெக்கும் லுட்கர் வோஸ்மனும் பல நாடுகளின் நீண்டகால வளர்ச்சியைத் தேர்வு மதிப்பெண்களோடு ஒப்பிட்டார்கள். மக்கள் எத்தனை ஆண்டுகள் பள்ளியில் இருந்தார்கள் என்ற எண்ணைவிட, அவர்களுக்கு உண்மையில் என்ன தெரியும் என்பதே வளர்ச்சியோடு நெருக்கமாகப் பொருந்தியது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுக் குழந்தைகளில் பத்துக்கு ஏழு பேர் ஓர் எளிய பத்தியை வாசித்துப் புரிந்துகொள்ள முடியாத நிலையில் இருக்கிறார்கள் என்று உலக வங்கியும் யுனெஸ்கோவும் பிறரும் 2022இல் மதிப்பிட்டார்கள். பெருந்தொற்றில் பள்ளிகள் மூடப்படுவதற்கு முன்பே பாதிக்கு மேற்பட்டோர் அப்படித்தான் இருந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்குப் போய் வருபவர்கள். வருகைப் பதிவேட்டில் இவர்களுக்கு நேரே குறி விழுகிறது. உங்கள் புள்ளிவிவரத்தில் இவர்கள் கல்வி பெறுபவர்கள்.

அப்படி ஒரு குழந்தையின் பக்கத்தில் ஒருமுறையாவது உட்கார்ந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பத்து வயது இருக்கும். பக்கத்தைத் திறந்து வைத்தால் விரல் முதல் எழுத்தின் மேல் போய் நிற்கும். எழுத்தெழுத்தாகக் கூட்டி ஒரு சொல்லை முடிக்கும், மூச்சு விடும், அடுத்த சொல்லுக்குப் போகும். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை எட்டும்போது முதல் சொல் மறந்துபோயிருக்கும். என்ன படித்தாய் என்று கேட்டால் முகத்தைப் பார்க்கும். அந்தக் குழந்தை மந்தமானது என்று நினைத்துவிடாதீர்கள். வாசிப்பு ஓட்டமாக வராதவரை பொருள் மனத்தில் தங்காது, எவருக்கும் அப்படித்தான். ஆனால் பாடத்திட்டம் காத்திருக்காது. அதே குழந்தைக்கு ஐந்தாம் வகுப்பு அறிவியல் நடத்தப்படுகிறது, ஆறாம் வகுப்பு வரலாறு நடத்தப்படுகிறது. புத்தகம், கட்டடம், ஆசிரியர் நேரம் என்று அதன் மேல் நீங்கள் செலவிடும் ஒவ்வொரு காசும் அன்றிலிருந்து வீணாகிறது. விரயத்தைத் தேடும் தணிக்கையாளர்களை முதலில் இங்கே அனுப்புங்கள்.

இதைச் சரிசெய்ய வழி தெரியாமல் இல்லை. வடோதராவிலும் மும்பையிலும் பின்தங்கிய குழந்தைகளைத் தனியே அமர்த்தி, உள்ளூர் இளம்பெண்களைக் கொண்டு அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பித்தபோது குழந்தைகள் கண்கூடாக முன்னேறினார்கள். அபிஜித் பானர்ஜியும் டுஃப்லோவும் உடன்பணியாற்றியவர்களும் 2007இல் அதைப் பதிவு செய்தார்கள். வயதைப் பார்த்து நடத்தாமல், குழந்தை நிற்கும் படியைப் பார்த்து நடத்துவது என்ற அந்த முறை பிறகு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் போனது. வியட்நாமையும் பாருங்கள். 15 வயது மாணவர்களுக்கான பிசா என்ற பன்னாட்டுத் தேர்வில் 2012இல் முதன்முறையாகக் கலந்துகொண்டது. தன்னைவிடப் பல மடங்கு தனிநபர் வருமானம் கொண்ட அமெரிக்காவையும் பிரிட்டனையும் கணிதத்தில் முந்தியது. பணம் வேண்டும். ஆனால் பணம் எதை வாங்குகிறது என்று பார்த்துக் கொடுப்பது அதைவிட முக்கியம்.

ஆசிரியர் சம்பளத்தைப் பற்றி இத்தனை சொன்னவன், எனக்கும் என் சக ஆசிரியர்களுக்கும் உவப்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தோனேசியா 2005இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளத்தை இரண்டு மடங்காக்கியது. ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது. வெளியே இரண்டாவது வேலை பார்ப்பது குறைந்தது. மாணவர்களின் கற்றலில் மட்டும் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தும் முன்னேற்றம் தென்படவில்லை. அதற்கு முன்பு ஆறு வளரும் நாடுகளில் முன்னறிவிப்பின்றிப் பள்ளிகளுக்குச் சென்று பார்த்த ஓர் ஆய்வில், சராசரியாக ஐந்தில் ஓர் ஆசிரியர் பள்ளியில் இல்லை. எனவே சம்பளத்தை உயர்த்துங்கள் என்று மட்டும் கேட்டு நான் நிறுத்திக்கொள்ள மாட்டேன். சரியான ஆளைத் தேர்ந்தெடுங்கள்; முதல் மூன்று வகுப்புகளுக்கு உங்களிடமுள்ள மிகச் சிறந்தவர்களை அனுப்புங்கள்; அனுபவமுள்ள ஒருவர் வகுப்பின் பின்னால் அமர்ந்து பார்த்து, மறுநாளே என்ன மாற்றலாம் என்று சொல்லும் ஏற்பாட்டுக்குப் பணம் ஒதுக்குங்கள். வராத ஆசிரியரைக் கேள்வி கேளுங்கள். நல்ல ஆசிரியரைக் கணக்கெடுப்பு, தேர்தல் வேலை, ஓயாத படிவங்கள் என்று வகுப்பிலிருந்து இழுத்துப் போகாதீர்கள். இவை எல்லாம் உங்கள் ஏட்டில் நடைமுறைச் செலவுதான். ஒரு நாடு செய்யக்கூடிய மிக நல்ல முதலீடுகளும் இவைதான்.

வரிசையும் முக்கியம். 1945இல் விடுதலை பெற்றபோது கொரியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுக்கே இருந்தார்கள். போர் வந்து இருந்ததையும் அழித்தது. தென்கொரிய அரசு கல்விக்கு ஒதுக்கிய பணத்தின் பெரும்பகுதியைத் தொடக்கப் பள்ளிகளில் போட்டது. 1950களின் இறுதிக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். ஏற்றுமதி ஆலைகள் பெருகத் தொடங்கிய 1960களில், அறிவிப்புப் பலகையை வாசிக்கவும் அளவுகோலைப் படிக்கவும் தெரிந்த ஒரு தலைமுறை வாசலில் வந்து நின்றது. உயர்நிலைப் பள்ளியும் பல்கலைக்கழகமும் பின்னர் படிப்படியாக விரிந்தன. கொரியாவின் வளர்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. நிலச் சீர்திருத்தத்தை விட்டுவிட்டு அதைப் பேச முடியாது. ஆனால் அடித்தளத்தை விட்டுவிட்டு மாடியில் செலவு செய்த எத்தனையோ நாடுகளோடு ஒப்பிட்டால் அந்த வரிசையின் அருமை தெரியும். உயர்கல்விக்கு அரசு தரும் மானியம் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகளைத்தான் சென்றடைகிறது. வறிய வீட்டுப் பிள்ளைகள் அந்த வாசல் வரை வருவதற்குள்ளேயே வடிகட்டப்பட்டுவிடுகிறார்கள்.

பெண் கல்வியைப் பற்றித் தனியே வாதாட வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் உலகில் எழுதப் படிக்கத் தெரியாத 70 கோடிக்கும் மேற்பட்ட பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இன்றும் பெண்கள். 1970 முதல் 2009 வரை 175 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, அந்தக் காலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு குறைந்ததில் பாதிக்குப் பெண்களின் கல்வி உயர்ந்ததே காரணம் என்று கணித்தது. எந்த மருத்துவமனைத் திட்டத்துக்கும் இப்படி ஒரு பலன் கிடைத்தால் நீங்கள் விழா எடுப்பீர்கள். பிழைத்த அந்தக் குழந்தைகள் பள்ளிக்கு வருகிறார்கள். படித்த தாய் மாலையில் பக்கத்தில் உட்காருகிறாள். அடுத்த தலைமுறையின் திறன் அங்கே தொடங்குகிறது. இதற்கெல்லாம் எந்தச் சம்பளப் பட்டியலிலும் ஒரு வரி கிடையாது.

2015இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் கூடிய உலகக் கல்வி மாநாட்டில், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதம், அல்லது அரசின் மொத்தச் செலவில் 15 முதல் 20 சதவீதம் கல்விக்குச் செல்ல வேண்டும் என்ற அளவுகோலை ஏற்றுக்கொண்டார்கள். உங்களில் பலரின் நாடுகள் அதில் கலந்துகொண்டவை. சில நாடுகள் இரண்டில் ஒன்றைக்கூட எட்டவில்லை. அந்த அளவை எட்டுங்கள் என்பது என் முதல் வேண்டுகோள். எட்டியவர்களுக்கும் வேண்டுகோள் இருக்கிறது.

பன்னாட்டு நெறிமுறை மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். உங்கள் திட்ட அறிக்கையில் ஒரு கூடுதல் இணைப்பைச் சேர்த்தால் போதும். முதல் மூன்று வகுப்புகளின் ஆசிரியர் செலவு, பயிற்சி, புத்தகம், சத்துணவு, முன்பருவக் கல்வி ஆகியவற்றை மனித மூலதன முதலீடு என்று தனித்துக் காட்டுங்கள். பற்றாக்குறையைக் காரணம் காட்டி அந்த ஒதுக்கீட்டை ஆண்டு நடுவில் வெட்டக் கூடாது என்று சட்டமன்றத்தில் உறுதி கொடுங்கள். அதன் எதிர்ப்பக்கத்தில், பத்து வயதில் சரளமாக வாசிக்கக்கூடிய குழந்தைகள் எத்தனை பேர் என்ற எண்ணை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள். அந்த எண்ணைக் கல்வித் துறையே எடுக்காமல், புள்ளியியல் துறை எடுக்கட்டும். தேர்ச்சி விழுக்காட்டை ஏற்றிக் காட்டும் பழக்கம் அதில் நுழைந்துவிடக் கூடாது. மதிப்பெண்ணைக் கொண்டு ஆசிரியரையோ குழந்தையையோ தண்டிக்கவும் வேண்டாம். எந்த மாவட்டத்துக்குக் கூடுதல் ஆசிரியர் வேண்டும் என்பதைக் காட்ட அது பயன்பட்டால் போதும்.

வளர்ச்சி விகிதம் கால் சதவீதம் இறங்கினால் அன்று மாலையே செய்தியாளர்களைச் சந்தித்து விளக்கம் சொல்கிறீர்கள். வாசிக்கத் தெரியாத குழந்தைகளின் எண்ணிக்கை ஏறினாலும் அப்படி வந்து விளக்கம் சொல்லுங்கள். உங்கள் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் அந்த இணைப்பை எதிர்பார்க்கிறேன். அது இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்டு மீண்டும் எழுதுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர்